முப்பத்தேழு சதவீதம்

பதினோரு வருஷ லேப்டாப்.
பட்டனை அமுக்கிவிட்டு மரச்சீனி வேகப்போட்டால்
கிழங்கு வெந்து, தண்ணீர் வடித்து,
காந்தாரி மிளகாய் நசுக்கிக்கொண்டு வரும்போதும்
அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மார்த்தாண்டத்துக் கடைப் பையன்
மூடியைத் திறக்காமலே சொன்னான்:
"அக்கா, இத அடக்கம் பண்ணுங்க."
பையிலிட்டுத் திரும்பினேன்.
பஸ்ஸில் மடியில் ஒரு சூடு.
அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

ஐப்பசி ராத்திரி, அருமனை.
காசில்லாமல் இறக்கிய ஒரு சிஸ்டம் பென்டிரைவில்.
பேட்டரி செத்து மூன்று வருஷம்,
வயர்தான் அதற்கு மூச்சுக்குழல்.
ஒட்டுப்பால் கணக்கு, ஷீட் கணக்கு,
அஜிதாவின் ஞானஸ்நானப் படங்கள்,
எல்லாவற்றையும் வேறிடத்தில் பத்திரப்படுத்தியாயிற்று.
வட்டிலுள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா
என்று கேட்டது.
யாரும் என்னிடம் இத்தனை மரியாதையாய்
எதையும் கேட்டதில்லை.
தொடர் என்றேன்.

பன்னிரண்டு.
பத்தொன்பது.
முப்பத்தேழில்
களியல் பக்கம் ஒரு மின்னல்,
முக்கில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தம்.
பிறகு மழை மட்டும்.

பழையது போய்விட்டது,
புதியது வந்து சேரவில்லை.
கறுப்புக் கண்ணாடியில் மெழுகுவத்தியும்
என் மூக்கும்.
காலையில் பத்து மணிக்குக் கணக்கு கேட்பார் முதலாளி.

மதிலுக்கு அப்புறம் ரெஜினாள் வீட்டில்
டியூப்லைட் எரிகிறது.
குவைத் மகன் போட்டுக்கொடுத்த இன்வெர்ட்டர்.
ஓணத்துக்கு முந்தி பேசியது அவளிடம்,
அதுவும் பேச்சென்று சொல்ல முடியாது.

குடையோடு போய் மதிலருகே நின்றேன்.
என்ன சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம்
மழையில் கேட்காது.
"லேப்டாப்புக்கு கொஞ்சம் கரண்டு" என்று கத்தினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள்.
சரி, போகட்டும் என்று திரும்புகையில்
மதில்மேல் வந்து விழுந்தது எக்ஸ்டென்ஷன் பெட்டி,
ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற மழைக்காப்பு பிளாஸ்டிக்கை
நாலு சுற்றுச் சுற்றி, சாக்குநூலால் இறுக்கி.
பலாக்கிளைக்கு அடியிலூடே
என் சமையலறை ஜன்னல் வரை அந்த வயர்.

மறுபடி முதலிலிருந்து.
எந்த மொழி? எந்த ஊர் நேரம்?
உங்கள் பெயர் என்ன?
ஷைனி விமலா. வி-க்கு உரிய பட்டன் தெறித்துப்போய்
ஒரு ரப்பர் முலை மட்டும் மிச்சம்,
அதை நகத்தால் குத்தினேன்.
இந்தக் கணினியின் பெயர் என்ன?
அதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று
இத்தனை காலம் தோன்றவேயில்லை.
"கடை" என்று போட்டேன்.

முப்பத்தேழில் மூச்சைப் பிடித்தேன்.
முப்பத்தெட்டு.
அறுபத்திரண்டில்தான் ஓர்மை வந்தது,
நியூ ஃபோல்டர் மூன்று.

விளவங்கோடு வட்டாட்சியர் அவர்களுக்கு.
மேற்படி ரெஜினாள் என்பவரின் புரையிடத்தில் நிற்கும்
பலாமரத்தின் தெற்குக் கிளை
எனது தகர ஷீட்டுக்கு மேல் பதினோரு அடி நீண்டு...
மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது.
ஒன்பது மேற்படி, இரண்டு அளவுப்படம்.
அதை மட்டும் எடுத்துவைக்கவில்லை.

"ஆச்சா?" மதிலுக்கு அப்புறமிருந்து.
"ஆவுது," என்றேன்.
"பேட்டரி ரெண்டு மணிக்கூறுதான் நிக்கும், கேட்டியா?"

எழுபது. எண்பத்தொன்று.
நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனா
சிரித்துக்கொண்டிருந்தேனா, தெரியவில்லை.
அளவெல்லாம் மனப்பாடம்,
திரும்ப எழுத ஒரு ராத்திரி போதும்.

திறந்தது. மரச்சீனி கழுவும் நேரம்கூட ஆகவில்லை.
வெறும் பச்சைத் திரை.
மூலையில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால்.
வைஃபை பிடிக்கவில்லை, அதற்கு நாளை பாடுபடணும்.
தகரத்தில் ஒரு சுள்ளி விழுந்தது.

தமிழ் வருகிறதா என்று பார்க்க
ஒரு சொல் அடித்தேன்:
மேற்படி.
கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக வந்தது.
சேமிக்கவா என்று கேட்பதற்குள்
பிளக்கைப் பிடுங்கினேன்.
வயரை முழங்கையில் சுருட்டிக்கொண்டு
குடையை எடுத்தேன்.