நான்காவது சொல்

மூன்று வாரம் ஃபார்மலினில் ஊறிய மூளை
அவித்த முட்டையின் வெண்கருபோல் இறுகியிருக்கும்.
ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம்.
தொண்ணூற்று மூன்று வயதுக்கு அது சரிதான்.
பெயரை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.
இருநூற்றுப் பதினான்கு. பெண். வோரு பக்கம்.

தார்த்துவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே எமாயிகி ஆறு உறைந்து கிடக்கிறது,
நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு,
வாத்துகளுக்கென்று விட்டுவைத்தாற்போல்.

நான் அறுப்பவள், மருத்துவர் அல்ல.
மெழுகுக் கட்டியைப் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றுகிறேன்.
தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு.
சீவல் வெந்நீரில் விழுந்து
பாலாடை மாதிரி விரிகிறது.
மூச்சு பட்டால் மடிந்துவிடும்.
இருபத்திரண்டு வருடம் மூச்சைப் பிடித்தே
சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

சாயம் ஏறிய கண்ணாடியைப் பார்த்து
டாக்டர் ஊர்வே உச்சுக்கொட்டினார்.
ஹிப்போகேம்பஸ் முழுக்க முடிச்சு.
புறணியெங்கும் படிவு,
ஈரச் சுவரில் பூத்த பூஞ்சைபோல்.
"பாவம், கடைசியில் பெற்ற பிள்ளையைக்கூடத் தெரிந்திருக்காது."
பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

பன்னிரண்டு கடிகாரங்கள்.
ஆண்டுக்கொன்று வரையச் சொல்வார்கள்,
பதினொன்று பத்து காட்டும் முகம்.
இந்த நோயில் எண்கள் ஒரு பக்கமாய்ச் சரியும்,
முள் வட்டத்தைத் தாண்டி ஓடும்,
சிலர் வட்டத்தையே மூடமாட்டார்கள்.
இவள் வரைந்த பன்னிரண்டையும்
ரயில் நிலையத்தில் மாட்டலாம்.

மூன்று சொல் கொடுத்து
ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பது வழக்கம்.
கம்பளி, பாலம், எலுமிச்சை.
மூன்றையும் சொல்லிவிட்டுத்
தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறாள், ஒவ்வொரு வருடமும்,
"இதை நீ அடுத்த முறை வரை வைத்திரு" என்று.
ஓரத்தில் பென்சில் குறிப்பு:
உருளைக்கிழங்கு. நரி. உன் மீசை.
ஒரு வருடம், அச்சில் ஏற்ற முடியாத ஒன்று.
அடுத்த ஆண்டு வந்ததும் முதல் கேள்வி அவளுடையது.
"பரிசோதகருக்கு நினைவில்லை" என்று
நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது,
பரிசோதகர் கையெழுத்திலேயே.

கடைசி வருடம்: வெந்நீர்.
சொல்லா, தாகமா என்று தெரியாமல்
மனிதர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

சேதம் அத்தனையும் இருந்தது. மறதி வரவில்லை.
எது முட்டுக்கொடுத்தது?
டாக்டர் ஊர்வே இன்னும் ஆறு இடத்திலிருந்து துண்டு கேட்டார்.
அறுத்தேன். வெள்ளிச் சாயம், பழுப்புச் சாயம்,
என் நாக்கில் நுழையாத புரதங்களின் பெயர்கள்.
இரவு ஒன்பது மணிக்கும் அவர் அறையில் விளக்கு.
கட்டுரையில் இவள் ஒரு புள்ளியாக வருவாள்,
கோட்டைவிட்டுத் தள்ளி, தனியாக.

அவளுடைய மகன் தொலைபேசியில் அழைத்தார்,
எண்ணைச் சொன்னார். பின்னால் டிராக்டர் இரைச்சல்.
"ஏதாவது அகப்பட்டதா?"
கடிதம் வரும் என்பதற்கு மேல் நான் பேசக்கூடாது.
கடிதம் வரும் என்றேன்.
சற்று நேரம் இரைச்சல் மட்டும்.
"அங்கேயும் அம்மா கெட்ட வார்த்தை பேசினாளா?"
"ஒரே ஒரு தடவை."
டிராக்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மாலை பாலத்தின்மேல் நடக்கையில்
அவள் கொடுத்த பன்னிரண்டையும் வரிசையாய்ச் சொல்லிப் பார்த்தேன்.
ஏழாவது வரவில்லை.
திரும்பிப் போய்க் கோப்பைத் திறக்கலாம்,
சாவி என் சட்டைப்பையில்தான்.
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டேன்.
கீழே வாத்துகள்.
ஒரு எழுத்துகூட வரவில்லை,
கால்விரல் விறைக்கும்வரை.