கண்டறியும் எல்லைக்குக் கீழே

காலை ஆறே கால்.
பந்தல்குடி வாய்க்கால் வைகையில் விழும் இடம்.
பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவு
என்கிறது விதி.
கழுவினேன்.

படிவத்தில் நிறத்துக்கு இரண்டே கட்டம்:
தெளிவு, கலங்கல்.
ஆறு இன்று கத்தரிக்காய் ஊதாவில் போகிறது.
கலங்கலில் டிக் அடிக்கிறேன்.

மாதிரி நான்கு டிகிரியில் இருக்க வேண்டும்.
ஐஸ் வாங்கிய போன வருஷத்து பில்லே இன்னும் பாஸாகவில்லை.
ஏழு மணிக்கு விளக்குத்தூண் பக்கம்
ஜிகர்தண்டாக் கடைக்கு ஐஸ் பார் வந்து இறங்கும்.
சாகுல் அமீது ஒரு முனையை உடைத்துத் தந்தார்.
எதுக்கும்மா என்றார். சொன்னேன்.
பாட்டிலில் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.
நுரை படியிறங்கிச் சாக்கடையில் சேர்ந்து
நான் வந்த பக்கமே போனது.

மூக்கையா அண்ணனுக்கு முழங்கை வரை நீலம்.
தொட்டிக்குள் நின்றபடியே சொன்னார்:
"நீங்க எழுதுனா எங்க ஷெட்டுக்குத்தான் சீல் வைப்பாக.
பெரிய மில்லுல பின்பக்கக் குழாய
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்ய.
அப்ப வாங்களேன்."

எங்கள் ஜீப்புக்கு டீசல்
காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

முடிவு வந்தது.
ஈயம்: கண்டறியும் எல்லைக்குக் கீழே.
குரோமியம்: மேற்படி.
அந்த எல்லை ஆற்றினுடையது அல்ல,
இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய இயந்திரத்தினுடையது.
அதன் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.
கூட்டத்தில் ஒருவர் எழுந்து
"கீழே" என்பதை "இல்லை" என்று வாசித்தார்.
தேநீரும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன.

அடுத்த மாதிரியைச் சித்திரையில் எடுக்கச் சொல்லி உத்தரவு.
அணை திறந்து, அழகர் இறங்கும் வாரம்.
அந்த வாரம் மட்டும் ஆறு
ஆறு மாதிரியே இருக்கும்.
அழகர் என்ன பட்டு உடுத்தி வந்தார்,
பச்சையா, பச்சையென்றால் மழை உண்டு என்று
கோரிப்பாளையம் முழுக்கப் பேச்சாய் இருக்கும்.
தண்ணீர் என்ன உடுத்தி வருகிறது என்று கேட்க
தினக்கூலியில் ஒருத்தி.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்குப் போனேன்.
என் ஸ்கூட்டி, என் பெட்ரோல்.
குழாய் திறந்தது.
நாய்கள் முதலில் விலகின, பிறகு வாடை வந்தது.
மூன்று முறை கழுவவில்லை, ஒரே முக்கு.

வரிசை எண் இல்லாத மாதிரி செல்லாது.
செல்லாத அந்தப் பாட்டில்
இரண்டு பாலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டு
எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது,
தோசை மாவுக்குப் பின்னால்.

விடிந்ததும் படிவத்தை விரித்து
கலங்கலுக்குப் பக்கத்தில் பேனாவால்
மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.
அடுப்படியில் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம்.

"அம்மா,
இது திராட்சை ஜூஸா?"