பதினாறு

ஆறு கட்டில், ஆறு பேர்.
ஆறு பேருக்கும் மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு.
டோரீனின் சாய்ந்த கையெழுத்து.

பதினாறும் பெற்று வாழ்க என்போம் நாங்கள்.
காரியம் செய்வதும் பதினாறாம் நாள்தான்.

இந்த வார்டில் அவளுக்கு இருபத்தொரு வருஷம்.
எனக்கு மார்ச் வந்தால் இரண்டு.
ஆனாலும் நான் சொல்ல, அவள் செய்ய வேண்டும்;
சீருடையின் நிறம் அப்படி.
"சரி கண்ணு" என்பாள், சண்டர்லாந்து வழக்கில்.

எண்ணச் சொன்னது நான்.
எண்ணினாளா என்று பார்க்க வேண்டியதும் நான்.
வேலை கைமாறும்.
பொறுப்பு என் பெயர் அட்டையோடு
குத்தியே கிடக்கும்.

இரவு இரண்டு மணி. நான்காம் கட்டில்.
ஹெதரிங்டன், கப்பல் பட்டறை வெல்டர்.
மார்பில் தலைகீழாய்த் தொங்கும் கடிகாரத்தைப் பிடித்தபடி
முழு நிமிடம் நின்றேன்.
போர்வை ஏறியது, இறங்கியது, ஏறியது.
இருபத்தெட்டு.

டாக்டர் வந்தார். ஆக்சிஜன், ரத்தம், ஊசி.
முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்தபடி
டோரீன் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"பத்து மணிக்கே சொன்னேனே,
டீயைத் தொடவில்லை என்று.
டீயை விடுகிற ஆளா இவர்?"

சொன்னாள்தான்.
மாத்திரை எண்ணிக்கொண்டே
"ம்" கொட்டியிருக்கிறேன்.

படிவம் கேட்கிறது:
பணியைச் செய்தவர். பணியை ஒப்படைத்தவர்.
இரண்டு பெயரும் எழுதினேன்.
டீக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

ஆறு மணிச் சுற்று.
முதல் கட்டிலருகே டோரீன் நிற்கிறாள்,
உதடு அசைகிறது.
நான் பேச்சுக் கொடுக்கவில்லை.