எர்த் குழி

எல்லாம் ஒரே கம்பெனியா எடுத்துடுங்க மேடம்,
பொருத்தம்னு ஒண்ணு இருக்கில்ல, என்றான்
கதீட்ரல் சாலை ஷோரூம் பையன்.
கதவைச் சாத்தினால் நகரமே அணைந்துவிடும் அறை.
ஏசி கூட அங்கே
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓடியது.

பொருத்தம் எனக்குத் தெரியும்.
பத்துக்கு ஒன்பது இருந்தது.
அந்தப் பத்தாவதில்தான்
நாலு வருஷம் குடியிருந்தோம்.

ஆகவே ஊர் ஊராகச் சேர்த்தேன்.
ஆம்ப்ளிஃபயர் ஜப்பான், பத்தொன்பது கிலோ,
ரிச்சி தெருவில் சம்சுதீன் கடைப் பின்கட்டில்
மீட்க யாரும் வராத அடகு போலக் கிடந்தது.
ஸ்பீக்கர் இரண்டும் டென்மார்க்.
கீழ்ப்பாக்கத்துப் பல் டாக்டர் வீட்டைக் காலி செய்த மகன்
விலை சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தான்.
நான் சொன்ன தொகைக்கு உடனே தலையாட்டியதில்
அதிகம் சொல்லிவிட்டது தெரிந்தது.
டர்ன்டேபிள் இங்கிலாந்து.
பெர்த்துக்குக் குடிபோகும் முன் பெரம்பூர் டெரன்ஸ் கொடுத்தார்,
ஊசியை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்து
லிஃப்ட் வந்த பிறகு தந்தார்.
ப்ரீ-ஆம்ப், கோயம்புத்தூரில் யாரோ கையால் செய்தது.
பெயர் கிடையாது.
மூடியின் உள்பக்கம் பென்சிலில் ஒரு தேதி.

எட்டு ஓம், ஆறு ஓம் என்று
புரோகிதர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே
ஒயர் உரித்தேன்,
ஆதம்பாக்கத்தில், இரண்டாம் மாடியில்,
மே மாதத்து ஞாயிறு.

சுவிட்சைப் போட்டேன்.

ஓம்.

நிஜமாகவே அதுதான்.
தாழ்ந்த சுருதியில், வாயை மூடிக்கொண்டு.
ஊசி இன்னும் தட்டைத் தொடவே இல்லை.

தணிக்கைதான் என் உத்தியோகம்.
ஒவ்வொன்றாகக் கழற்றி விசாரித்தேன்.
தனியாகக் கூப்பிட்டால் எல்லோரும் நிரபராதி,
சேர்ந்து உட்கார்ந்தால் ஓம்.
ஷோரூம் பையன் முப்பதாயிரத்துக்கு ஒரு கேபிள் விற்றான்.
ஓம் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

சம்சுதீன் வந்தார்.
பெட்டிகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.
குனிந்து, பிளக்கின் மூன்றாவது துளையில்,
அந்தப் பெரிய துளையில், டெஸ்டரை விட்டார்.
சண்டை மேல இல்லம்மா.
இங்கிலாந்துக்காரன் ஒரு வழியா பூமிக்குப் போறான்,
ஜப்பான்காரன் இன்னொரு வழியா.
எல்லாரையும் ஒரே பிளக்குல கட்டுவோம்.
அப்புறம், உங்க பில்டிங்குக்கு
பூமின்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கணும்.

இருந்தது.
செயலாளர் நாச்சியப்பனின் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு அடியில்
சிமெண்ட் மூடி.
உள்ளே துருப்பிடித்த குழாய்,
குழாயைச் சுற்றி மண் கூட இல்லை, மாவு.
பதினோரு வருஷமாக யாரும் தண்ணீர் காட்டவில்லை.

லாரித் தண்ணியக் கொண்டாந்து குழியிலயா ஊத்துவாங்க,
என்றார் நாச்சியப்பன்.
என் குளியலை ஊத்துறேன் சார், என்றேன்.

கரித்தூள். நாலு கிலோ கல்லுப்பு.
ஒரு பக்கெட் போன இடம் தெரியவில்லை.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதை நாச்சியப்பனே தூக்கி வந்தார்,
எங்க ஃப்ரிட்ஜ் கைப்பிடி கூட
ரொம்ப நாளா ஷாக் அடிக்குது, என்று
குழியைப் பார்த்துச் சொன்னார்.

மேலே ஏறி வந்து சுவிட்சைப் போட்டேன்.
சிவப்புப் புள்ளி எரிந்தது.
வால்யூமைத் திருகினேன்,
இன்னும், இன்னும், கடைசி வரை.
வடிகட்டியது போல் ஒன்றுமில்லை.
பரங்கிமலையில் ரயில் நின்று கிளம்புவது கேட்டது,
எதிர் வீட்டில் யாரோ தோசைக்கல்லைத் தேய்ப்பது,
என் மூக்கில் நான் விடும் மூச்சு.

ஊசியை உடனே வைக்கவில்லை.
குளிக்காத உடம்போடு தரையில் உட்கார்ந்து
அந்த நாலு பேரும்
பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பேசாமல் இருப்பதில்
இப்படியும் ஒன்று இருக்கிறது போல.

எழுந்து, காலண்டரில்
ஜூன் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் எழுதினேன்:
குழிக்கு ஒரு பக்கெட்.