மூச்சுத் துளை

ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே
கல்லறைகளுக்கும் எங்கள் சூளைகளுக்கும் நடுவில்
ஒரு சாக்கடைதான்.
சாவுக்குப் பொருள் வாங்க வருகிறவர்கள்
அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

திமாரெத்தே தாண்டி வந்தாள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
முழ உயரத்தில் குப்பி வேண்டும் என்றாள், வெள்ளைப் பூச்சில்.
எண்ணெய் எவ்வளவு ஊற்றுவாய் என்று கேட்டான் எவாகோன்.
அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.
பாதித் தெருவுக்கு இப்படித்தான் வனைந்து தருகிறோம்:
கழுத்துக்குக் கீழே விரலளவு ஒரு கிண்ணம்,
அதற்கும் கீழே வெறும் இருட்டு.
வாய்வரை ததும்பும். அக்கம்பக்கம் பார்க்கும்.
செத்தவன் அளந்து பார்க்கவா போகிறான்?
விலாவில் மட்டும்
ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை விட்டாக வேண்டும்.
போன மாதம் எவாகோன் மறந்துவிட்டான்.
உள்ளே அடைபட்ட காற்று
பக்கத்துக் கலங்கள் நாற்பதையும்
உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

வரைவது நான்.
என்னிடம் இருப்பது ஒரே முகம்,
எல்லாப் பிணத்துக்கும் அதையே போடுகிறேன்.
அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள்.
"காது இப்படி இருக்காது. மல்யுத்தத்தில் மடங்கிப் போனது."
மடக்கினேன்.
"சிரிக்கிறாரா?"
தூரிகை வழுக்கிவிட்டது, அழித்துவிடுகிறேன் என்றேன்.
"இருக்கட்டும்."

முதலில் உடம்பு, அப்புறம்தான் துணி.
கோட்டைச் சுட்டு ஆறவிட்டு,
மூன்றாம் நாள் சிவப்பைக் குழைத்து
தோளில் போர்வையைத் தொடங்கினேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
கப்பலேறிய அன்று நல்ல வெயிலாம்.
எதற்கு இது என்று வைத்துவிட்டுப் போனானாம்.

அந்தப் போர்வை இப்போது மடித்தபடி
எவாகோனின் பலகைமேல் கிடந்தது.
குப்பியின் விலை அதுதான்.

ஆகவே துணியில்லாமலே விட்டேன்:
வெறும் கோடு, மடங்கிய காது, வழுக்கிய வாய்.

கொண்டுவந்த எண்ணெயை அங்கேயே ஊற்றினாள். ததும்பியது.
என்ன எடை இருக்கும் என்று எனக்குத் தெரியும்,
ஒரு காட்டுப்புறா அளவு.
அவளோ கனத்த எதையோ தூக்குகிறவள்போல்
இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து,
செருப்பை எங்கள் வாசலிலேயே மறந்து,
சாக்கடைக்குள் இறங்கி ஏறினாள்.

அவளுடைய ஒரு விரல்
விலாவில் இருந்த துளையைப்
பொத்திப் பிடித்திருந்தது.