பன்னிரண்டு புள்ளி ஒன்று

கப்பலேறும் முன் மிர்கோ
லாடாவின் சாவியையும் மல்டிமீட்டரையும் தந்தான்.
ஞாயிறுதோறும் அளந்து அனுப்பு என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

12.6 என்று அனுப்பினேன்.
தெற்கே எங்கோ பனிக்கடலிலிருந்து
ஒரு கட்டைவிரல் வந்தது.

புன்டா அரேனாஸில் ஜூன் காற்று
பானெட்டையே பிடுங்கிக்கொண்டு போகும்.
தோளால் முட்டுக் கொடுத்து
சிவப்பைச் சிவப்பில் வைத்தேன்,
கறுப்பைக் கறுப்பில்.
12.5.
12.3.

எதுவோ கரண்டைக் குடிக்கிறது என்று எழுதினான்.
டிக்கி விளக்கா பார், அலாரமா பார்.
ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

அவனிடம் சொல்லாதது:
அளந்து முடித்ததும்
காற்றுக்கு ஒதுங்குவதுபோல் உள்ளே ஏறிக்கொள்வேன்.
கதவைத் திறந்ததும் கூரை விளக்கு எரியும்.
ரேடியோவில் கால்பந்து.
போன வாரம் கூடுதல் நேரம், அப்புறம்
பெனால்டி வரைக்கும் இருந்தேன்.
என் வீட்டிலும் ரேடியோ இருக்கிறது.

இன்று 12.1.
"குளிர்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
பிறகு சார்ஜரைத் தூக்கிக்கொண்டு
என் சமையலறை ஜன்னல் வழியே
ஒயரை இழுத்து
வேலிக்கு மேலாக அவன் வண்டிவரை கொண்டுபோனேன்.

இரவெல்லாம் என் வீட்டு மீட்டர் ஓடும்.
ஓடட்டும்.