மூன்று வாரத்துக்கு மூன்று நாள்

கரடித் தீவுக் கடலில் வலை இழுத்துவிட்டு
கிரிம்ஸ்பி திரும்பினால்
கரையில் எனக்கு மூன்றே நாள்.
ஒன்று குடிக்க. ஒன்று தூங்க.
மூன்றாவது, மறுபடி கப்பலேற மனசைத் தேற்ற.

தூங்கும் நாளில்தான் ஆரம்பித்தது.
அறுபத்து மூன்று பிப்ரவரி,
குழாயில் தண்ணீர் கல்லாகிக் கிடந்த வாரம்.
தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து நாலு சுரம்.
நிறுத்தம். அதே நாலு சுரம்.
மூன்றாவதில் தடுக்கல்.
திரும்பவும் தொடங்கியது முதலிலிருந்து அல்ல,
தடுக்கிய இடத்துக்கு ஒரு சுரம் முன்னால்.

முஷ்டியால் சுவரை இடித்தேன், மூன்று தரம்.
நின்றது.
பத்து எண்ணி முடிக்கவில்லை, வந்துவிட்டது
இன்னும் மெதுவாக.

பக்கத்து வீட்டு எனிட் ஸ்டாதர்ஸ்.
பதினேழு வயசு, மீன் வெட்டும் ஆலையில் வேலை.
தவணையில் ஒரு மின்கிட்டார் வாங்கியிருந்தாள்,
ஆம்ப்ளிஃபயருக்குக் காசில்லை.
கிட்டாரின் தலையை மர அலமாரியில் அழுத்தி வாசித்தால்
சத்தம் கூடுமாம்.
அலமாரி நின்றது இரு வீட்டுக்கும் பொதுச் சுவரில்.
அவள் பக்கம் கூடியதோ என்னவோ,
என் பக்கம் நன்றாகவே கூடியது.

அவளிடம் இருந்தது ஒரே இசைத்தட்டு.
நாற்பத்தைந்தில் சுழல வேண்டியதை
முப்பத்து மூன்றில் சுழலவிடுவாள்.
பாடகன் கிணற்றுக்குள் இறங்கிப்போய் முனகுவான்.
கிட்டார் மட்டும் எலும்பு எலும்பாகத் தெரியும்படி நடக்கும்.
தந்திகளையும் அந்த ஆழத்துக்குத் தளர்த்திக்கொண்டு
மீட்டரில் போட்ட ஷில்லிங் தீரும்வரை
அந்த ஒரு துண்டு.
விளக்கணைந்து தட்டும் நின்றபின்
இருட்டில் இன்னும் நாலு தரம்.

தட்டில் ஒரு கீறல் இருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து
நாலை விழுங்கிவிட்டு ஊசி தாவும்.
அந்தத் தாவலையும் பாட்டென்று நினைத்துப் படித்தாள்.

கடலில் காட் மீனுக்குக் குடலெடுக்கும்போது
என் கத்தி அந்த வேகத்துக்கு இறங்கியிருந்தது.
வால்ட் எஸ்பின் அதைச் சீட்டியடித்தான்.
சமையல்காரன் சட்டியில் தட்டினான்.
பனி மூடிய தளத்தில் பதினோரு பேர்
நாலாவதை விழுங்கிவிட்டுத் தாவினோம்.

தினம் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.
மூன்று வாரம் கழித்துக் கேட்பவனுக்குத்தான்
அது வளர்ந்திருப்பது தெரியும்,
அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மாதிரி.
ஜூனில் ஒருமுறை சுவர் வேறு மாதிரிப் பேசியது.
சுரமே இல்லை, டக் டக்கென்று கீறும் ஒலி மட்டும்.
கத்தி அவள் இடக்கை விரலைப் பிளந்திருந்தது.
வலக்கை மட்டும், செத்த தந்திகளில்,
ஒரு ஞாயிறு முழுக்கத் தாளம் படித்தது.
அன்றைக்கு நான் சுவரை இடிக்கவில்லை.

நவம்பரில், துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில்,
மூன்று பையன்களோடு மேடையேறினாள்.
ஒருத்தருடைய ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கியிருந்தார்கள்.
அந்த இடம் வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று.
தாவினாள்.
டிரம் அடித்தவன் இல்லாத நாலில் போய் விழுந்தான்.
பேஸ் அவனைத் தேடிப் போனது.
கூட்டம் சிரித்தது.
பின்வரிசையில் பதினோரு ஜோடி பூட்ஸ் மட்டும்
அவளோடு சரியாகத் தரையில் இறங்கியது.

சத்தம் வந்த திசையை அவள் பார்த்தாள்.
அடுத்த சுற்றில் மறுபடி தாவினாள்,
இந்த முறை வேண்டுமென்றே.
டிரம்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

முடிந்ததும் கவுன்டருக்கு வந்தாள்.
விரல் நுனிகள் நண்டு ஓடு மாதிரி.
அவளுக்கு ஒரு ஷாண்டி வாங்கிக் கொடுத்தேன்.
"பிப்ரவரியில் சுவரை இடித்தது நீங்கள்தானே?"
ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மூன்றாவது இடி
தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தது,"
என்றாள்.